இஸ்னாத் இல்லாத விடைகள்

சென்ற தவணையில் பத்தாம் தர மாணவர்களிடம் அறிஞர் சித்திலெப்பையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன் கொண்டுவந்த தாளில் எழுத்துப்பிழையே இல்லை. பந்திகளும் ஒழுங்காக இருந்தன. ஆனால் 1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' அந்தத் தாளில் இருபதாம் நூற்றாண்டுக்குப் போயிருந்தது. சித்திலெப்பையோ 1898இலேயே வபாத்தானவர்.

"இத ஆர் சொன்ன?" என்று கேட்டேன்.

"போன்ல கேட்டேன் சேர். அதுதான் சொன்ன."

"போனுக்கு ஆர் சொன்ன?"

அவன் சிரித்தான். வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

இன்று எங்கு பார்த்தாலும் செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சுத்தான். ஆசிரியர் கூட்டத்திலும் அதுதான், ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்கும்போதும் அதுதான். இனி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பார் ஒருவர். எல்லாம் அழியப்போகிறது என்பார் இன்னொருவர். இந்தச் சத்தத்தில் ஒரு விசயம் காதில் விழுவதில்லை. அந்த இயந்திரம் தானாக எதையும் கற்கவில்லை. மனிதர்கள் இணையத்தளங்களில் எழுதி வைத்தவற்றை வாசித்துத்தான் கற்றது. இப்போது அந்தத் தளங்களுக்கே வாசகர் குறைந்து வருகிறார்கள்.

முன்பு ஒன்றைத் தேடினால் கூகிள் நமக்குத் தளங்களின் பட்டியலைத் தரும். ஒன்றைத் தெரிந்து உள்ளே போவோம். தேடிய விசயத்தோடு வேறு நாலு விசயமும் கண்ணில் படும். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி பொதுப் பாவனைக்கு வந்தது. 2024 மே மாதம் கூகிளும் அமெரிக்காவில், தேடல் பக்கத்தின் தலையிலேயே இயந்திரம் எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. சுருக்கமே கையில் கிடைத்த பிறகு உள்ளே போவது ஏன்? அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2025இல் வெளியிட்ட கணக்கு இதைக் காட்டுகிறது. சுருக்கம் இல்லாத தேடல்களில் நூற்றுக்கு 15 தடவை மக்கள் ஏதாவது ஓர் இணைப்பை அழுத்தியிருக்கிறார்கள். சுருக்கம் வந்த இடத்தில் அது 8 தடவையாகக் குறைந்திருக்கிறது.

விக்கிப்பீடியாவுக்கும் இதே கதைதான். அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஒக்டோபரில், முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடும்போது மனிதர்களின் பக்கப் பார்வைகள் ஏறத்தாழ 8 வீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில் அது சொன்ன செய்தி வேறு. படங்கள், காணொளிகள் முதலியவற்றின் தரவிறக்கம் 2024 ஜனவரியிலிருந்து 50 வீதம் கூடிவிட்டதாம். அதிகச் செலவு வைக்கும் வருகைகளில் 65 வீதம் தானியங்கி நிரல்களுடையதாம். கூட்டிப் பார்த்தால் தளத்துக்கு வரும் போக்குவரத்துக்குக் குறைவில்லை. வருகிறவர்களில் மனிதர்தான் குறைவு. வாசிகசாலையில் ஆள் இல்லை, போட்டோக்கொப்பி மெசின் மட்டும் இரவு பகலாக ஓடுகிறது, கரண்ட் பில் நிர்வாகத்தின் தலையில் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

வாசகர் குறைந்தால் என்ன, அறிவு எப்படியோ மக்களுக்குப் போய்ச் சேருகிறதுதானே என்று கேட்கலாம். சேருவது உண்மைதான். ஆனால் இப்படியான தளங்களில் இன்றைய வாசகர்தான் நாளைய எழுத்தாளர். வாசிக்கும்போது ஒரு பிழை கண்ணில் படும், 'தொகு' என்ற சொல்லை அழுத்தித் திருத்துவார். அடுத்த மாதம் தன் ஊரைப் பற்றி ஒரு பந்தி எழுதுவார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது இப்படித்தான். அதன் முன்னோடிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்து மயூரநாதன் அபுதாபியில் தொழில் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வாசகர் வராத தளத்துக்கு அடுத்த மயூரநாதன் எங்கிருந்து வருவார்?

இன்னோர் உதாரணம், கணினி நிரல் எழுதுவோர் 2008 முதல் ஒன்றுகூடிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஒருவர் சந்தேகம் கேட்பார், முன்பின் தெரியாத இன்னொருவர் இலவசமாகப் பதில் சொல்வார். உச்சத்தில் மாதமொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கேள்விகள் வந்தன. 2024 முடிவில் அதில் கால்வாசிகூட இல்லை. சாட்ஜிபிடி வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே, இயந்திரம் எழுதிய பதில்களை அத்தளம் தடை செய்தது. பார்வைக்குச் சரியாக இருந்த அவற்றில் பிழைகள் மலிந்திருந்ததே காரணம். இருந்தும் பழியை முழுக்க இயந்திரத்தின் மீது போடுவது நியாயமில்லை. அங்கே கேள்விகள் குறைவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. புதிதாக வந்து கேட்டவர்களை, "இது ஏற்கெனவே கேட்ட கேள்வி" என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியதாக நீண்டகாலமாகவே குறை இருந்தது. 2024 மே மாதம் அத்தளம் ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தபோது, பதில் எழுதியவர்கள் சிலர் தங்கள் பதில்களைத் தாங்களே அழித்து எதிர்ப்பைக் காட்டினார்கள். நிர்வாகம் அவர்களின் கணக்குகளைத் தற்காலிகமாக முடக்கியது. எண்ணிக்கையைப் பெருக்குவது ஒன்று, மனிதர்களைச் சேர்த்து வைத்திருப்பது இன்னொன்று.

நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் இஸ்னாத் என்ன என்றுதான் முதலில் பார்ப்பார்கள். யாரிடமிருந்து யார் கேட்டார், அவருடைய ஞாபகசக்தி எப்படி, நாணயம் எப்படி என்று ஆராய்வதற்கென்றே ஒரு தனிக் கலை வளர்ந்தது. இயந்திரம் தருகிற விடையில் மத்ன் இருக்கிறது. இஸ்னாத் பெரும்பாலும் இல்லை. இருக்கிற இடத்திலும் போய்ப் பார்ப்பவர் குறைவு.

பெரிய மொழிகளுக்கு இதனால் வரும் நட்டம் குறைவு. இலண்டனைப் பற்றி ஒரு பக்கம் பிழையென்றால் ஆயிரம் பக்கங்கள் அதைத் திருத்தும். நம்முடைய அறபுத்தமிழைப் பற்றி, கிராமத்துப் புலவர்களைப் பற்றி, நின்றுபோன சிற்றிதழ்களைப் பற்றி இணையத்தில் இருப்பது கொஞ்சம். அந்த வெற்றிடத்தை இயந்திரம் 'இப்படி இருக்கலாம்' என்பதைக் கொண்டு நிரப்புகிறது. அதை அப்படியே எடுத்து நாம் ஒரு தளத்தில் போட்டால், அடுத்த இயந்திரம் அதையும் வாசிக்கும். இயந்திரம் எழுதியதையே திரும்பத் திரும்ப இயந்திரத்துக்குக் கொடுத்தால் அதன் தரம் கெட்டுப்போகும், அரிதானவைதான் முதலில் மறையும் என்று 2024இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது. அரிதானவை என்ற பட்டியலில் நாமும் இருக்கிறோம்.

இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பயிற்சித்தாள் தயாரிக்க நானும் பாவிக்கிறேன். ஆனால் தளம் நடத்துகிற நம் இளைஞர்கள், வருகை எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக நாளைக்குப் பத்துக் கட்டுரையை அதனிடம் எழுதி வாங்கிப் போட வேண்டாம். அப்படியான கட்டுரையை வாசிக்க உங்கள் தளத்துக்கு ஏன் வரவேண்டும்? அதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளலாமே. மாதம் ஒன்று போதும். எந்த நூல், எந்த ஆண்டு, எந்த ஊரில் எந்தப் பெரியவர் சொன்னார் என்பதோடு எழுதுங்கள். திருத்தம் சொல்லி எழுதுகிற வாசகருக்குப் பதில் போடுங்கள். தெரியாமல் கேட்கிற பிள்ளையை விரட்டாதீர்கள். அடுத்த கட்டுரையை எழுதப்போவது அந்தப் பிள்ளையாக இருக்கலாம். வாசகர்களும் நல்ல தளங்களின் முகவரியைக் குறித்துவைத்து நேரே போய் வாசிக்கலாம். 2005 முதல் தன்னார்வலர்களின் உழைப்பில் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் நம்மவரின் நூல்களும் சஞ்சிகைகளும் இருக்கின்றன. வீட்டு அலுமாரியில் கறையான் தின்னக் கிடக்கும் பழைய இதழ்களும் அங்கே போய்ச் சேரவேண்டியவை.

அந்த மாணவனைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்பினேன். அடுத்த கிழமை வேறொரு தாள் கொண்டுவந்தான். மூன்று இடத்தில் எழுத்துப்பிழை. ஆண்டு சரியாக இருந்தது. கடைசியில் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிவிட்டு, "லைப்ரரி சேர் எடுத்துத் தந்தது" என்று ஒரு வரி சேர்த்திருந்தான்.

பிழைகளைத் திருத்தினேன். அந்த வரியில் கை வைக்கவில்லை.