புதுமண்டபத்துத் தூண்களும் ஒரு பழைய புகைப்படமும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்பது புதுமண்டபம். பெயரில் மட்டுமே அது புதிது. 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென அதனை எழுப்பினார். ஏறத்தாழ 333 அடி நீளமுள்ள அம்மண்டபத்தை நான்கு வரிசைகளில் 124 கருங்கல் தூண்கள் தாங்குகின்றன.

அதன் உட்புறத்தை 1858ஆம் ஆண்டிலேயே புகைப்படமாக்கியவர் லினேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியான அவர், 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்றார்.

அக்காலத்துப் புகைப்படக்கலை மிகுந்த பொறுமையை வேண்டியது. மெழுகூட்டிய காகிதத்தை வெள்ளி உப்புகளால் பதப்படுத்திக் கமெராவினுள் வைப்பார்கள். மண்டபத்தின் மங்கிய ஒளி அதிற் பதியப் பல நிமிடங்கள் செல்லும். அதற்கிடையே நடந்து சென்றோரின் உருவம் தங்காது. அசையாது நின்றவையே தங்கும்.

ஆகவே, மண்டபத்தின் தெற்கு நடையைக் காட்டும் படத்தில் நாம் காண்பது சிற்பியின் வேலை ஒன்றையே. தரை வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஒளியும் நிழலும் மாறி மாறி விழ, தூண்கள் நெடுந்தூரம் அணிவகுத்துச் செல்கின்றன. பிற்காலத்தில் தையற்காரரும் புத்தக வியாபாரிகளும் கடை விரித்திருந்த அம்மண்டபத்தில், பல தலைமுறையினர் இவ்வாறு தூண்களைக் கண்டதில்லை.

நாயக்க மன்னர் பதின்மரின் உருவங்களும் இம்மண்டபத்துத் தூண்களில் உள்ளன. உருவமும் தூணும் ஒரே கல். உளி ஒருமுறை தவறினால் ஒட்டவைத்தல் இயலாது. அரசியின் சிலையில் தொடைப் பகுதியிற் சிறு சில்லு பெயர்ந்ததாகவும், அதை அவ்வாறே விட்டுவிடும்படி அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் கூறியதாகவும் மதுரையில் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், ஒரு சில்லுக்காகக் கலங்கிய கைவினைஞரின் உள்ளத்தை அது நமக்குக் காட்டுகின்றது.

செலவு மிகுதியெனக் கருதிய அரசாங்கம் சில ஆண்டுகளிலேயே டிரைப்பின் பதவியை நிறுத்திவிட்டது. அவர் எடுத்த படங்களோ நிலைத்துவிட்டன. மதுரைக்கு யாத்திரை செல்லும் நம்மவர், குறிப்பாக மாணவர், சந்நிதிக்கு விரையுமுன் இத்தூண்களருகே சிறிது நேரம் நிற்பாராக. பழைய கமெராவுக்கு வேண்டியிருந்த அச்சில நிமிடங்களே நமக்கும் போதும்.