வெளிமானைக் காப்பது வேகமா, வளைவா?



சாத்தூரிலிருந்து தெற்கே கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி சென்று, அங்கிருந்து தூத்துக்குடிச் சாலையில் திரும்பினால் வல்லநாடு வரும். அங்குள்ள குன்றைச் சுற்றி 16.41 சதுர கி.மீ. பரப்பில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது அது.

பெயரைச் சற்றுக் கவனியுங்கள். 'வெளி' என்றால் மறைப்பற்ற திறந்த நிலம். புள்ளிமான் ஆபத்து வந்தால் காட்டுக்குள் மறையலாம். வெளிமானுக்கு மறைவிடம் இல்லை. தொலைவிலேயே பகையைக் காணும் கண்களும், மணிக்கு 80 கி.மீ. வரை ஓடவல்ல கால்களுமே அதன் காவல்.

ஆனால் இந்தியப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் அதைத் துரத்திய சிவிங்கி அதைவிட வேகமானது. (சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு.) ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் சிவிங்கிகளின் கழுத்துப் பட்டையில் கருவி பொருத்தி ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உச்ச வேகம் மணிக்கு 93 கி.மீ. ஆயினும் ஏறத்தாழ நான்கு ஓட்டங்களில் ஒன்றில்தான் இரை சிக்கியது! ஏன்?

சடுகுடு ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பாடிச் சென்றவன் நேராக ஓடியா தப்புகிறான்? பிடிக்க வருபவன் பாயும் நேரம் பார்த்துச் சட்டென்று வளைகிறான். பாய்ந்தவன் தன் வேகத்தாலேயே விலகிப் போய்விடுகிறான். மானும் அதையேதான் செய்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வட்டப் பாதையில் திரும்ப மையநோக்கு முடுக்கம் வேண்டும். அதைத் தருவது காலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. திசைவேகத்தின் இருமடியை இந்த முடுக்கத்தால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். முடுக்கம் வினாடிக்கு வினாடி 10 மீட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் சிவிங்கி திரும்ப 40 மீட்டர் ஆரம் தேவை. வேகத்தைப் பாதியாக்கி 10 மீட்டரில் ஓடும் மானுக்கோ 10 மீட்டர் ஆரம் போதும். வேகம் இரு மடங்கானால் வட்டம் நான்கு மடங்காகிறது!

சிவிங்கியும் இதை அறியாததல்ல. தரையைக் கவ்வும் நகங்களும், உடலைச் சமன்செய்யும் நீண்ட வாலும் அதற்கு உண்டு. திரும்புமுன் அதுவும் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் எப்போது திரும்புவது என்று முடிவு செய்வது மான். அந்த ஒரு கணம்தான் அதன் உயிர்.

துப்பாக்கி வந்தபோது இந்தக் கணக்கு பொய்த்தது. வேட்டைத் துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 700 மீட்டருக்கு மேல் செல்லும். 200 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒலியோ வினாடிக்கு 340 மீட்டர்தான் செல்லும். வெடிச் சத்தம் மானின் காதை எட்டுமுன் குண்டு எட்டிவிடும்! வளைவதற்கு நேரம் ஏது?

துரத்திய சிவிங்கியும் தப்பவில்லை. 1947இல் இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியாவில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட வேண்டியதாயிற்று.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் சேர்த்தது. அதை வேட்டையாடுவது குற்றம். ஆனால் சட்டத்தால் மட்டும் வெளியைக் காக்க முடியுமா? நம் கரிசல் காட்டில் சீமைக்கருவேல் பரவுவதை நீங்கள் அறிவீர்கள். புல்வெளியில் அது அடர்ந்துவிட்டால் மானால் தொலைவில் வரும் நாயைக் காண முடியாது; கண்டாலும் வளைந்து ஓட இடமிராது. 10 மீட்டர் ஆரத்தில் திரும்பத் தெரிந்த விலங்குக்கு அந்த 10 மீட்டர் நிலமாவது வேண்டாமா?

முள் மண்டிய நிலமும் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அது வெளி அன்று. வெளி இருக்கும்வரைதான் வெளிமான்.