கரண்ட் போவதை விட, வருவதுதான் ஆபத்து!

கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்பதுதான். வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்த பிறகுதான் இரண்டாவது கேள்வி வரும். "இதற்கு யு.பி.எஸ். வாங்க வேண்டுமா?"

விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா, 2024-ல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது இதே கேள்வியை என்னிடம் போனில் கேட்டார். நான் இன்ஜினியரிங் படித்தவன், சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னேன். "வீட்லதான் இன்வெர்ட்டர் இருக்கேக்கா, அப்புறம் யு.பி.எஸ். எதுக்கு? தண்டச் செலவு."

அது தவறான பதில். ஏன் தவறு, சரியான பதில் என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

இரண்டு வீடுகள், ஒரே புயல்

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டம் முழுவதும் கம்பங்கள் சாய்ந்தன, கம்பிகள் அறுந்தன, ஊர்கள் இருளில் மூழ்கின.

அப்பாவும் அம்மாவும் இருப்பது திண்டிவனத்தில். அங்கே இருப்பது நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, விழுப்புரத்தில் அக்கா வீட்டில் இருந்த ஐந்து மாதப் புதுக் கம்ப்யூட்டர் போய்விட்டது.

அக்கா வீட்டில் மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஃபேன் என்றும் இல்லாத வேகத்தில் சுற்றியது. ஹால் லைட் கண்ணைக் கூசியது. எதிர் வீட்டு லைட்டோ மங்கலாக எரிந்தது. என்னவென்று புரிவதற்குள் கம்ப்யூட்டர் மேஜை பக்கம் 'பட்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து கருகல் வாடை. எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். 285 வோல்ட்! தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினோம், கம்ப்யூட்டர் ஆன் ஆனது. ஆனால் உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி. உயிர் பெறவே இல்லை. அதில்தான் அக்கா நடத்தும் மகளிர் சுய உதவிக் குழுவின் 16 பேருடைய சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு அத்தனையும் இருந்தது.

வீட்டுக்கு வரும் கரண்டில் என்னென்ன தொல்லைகள்?

நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். இதில் 6 சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வோல்ட் வரை சரி. நடைமுறையில் நான்கு வகைத் தொல்லைகள் வருகின்றன.

1. மின்தடை: கரண்ட் சட்டென்று நின்று போவது. இதில் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பாகங்கள் கெடாது. சேவ் செய்யாத ஃபைல் போகும். எழுதிக் கொண்டிருக்கும் நேரத்தில் நின்றால் விண்டோஸ் ஃபைல்களும் பாழாகலாம்.

2. லோ வோல்டேஜ்: கோடையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது வருவது. கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

3. ஹை வோல்டேஜ்: அக்கா வீட்டில் நடந்தது. இதுதான் பாகங்களைக் கொல்லும்.

4. ஸ்பைக்: கண் இமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறி அடங்குவது. மின்னல், அருகில் ஓடும் பெரிய மோட்டார், நின்ற கரண்ட் திரும்பி வரும் நொடி ஆகியவை காரணம்.

நியூட்ரல் அறுந்தால் ஏன் வோல்டேஜ் ஏறுகிறது?

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் தெருவுக்கு வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு இடையே சுமார் 400 வோல்ட். உங்கள் வீடு ஒரு ஃபேஸில் இருக்கும், எதிர் வீடு வேறு ஃபேஸில் இருக்கலாம்.

நியூட்ரல் அறுந்துவிட்டால் இந்த இரண்டு வீடுகளும் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. அதிகச் சாதனங்கள் ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ், குறைவாக ஓடும் வீட்டுக்கு அதிக வோல்டேஜ். எதிர் வீட்டு லைட் மங்கியதும் அக்கா வீட்டு லைட் பளீரென்று எரிந்ததும் இதனால்தான்.

எனவே ஒரு வீட்டில் மங்கல், பக்கத்தில் பளீர் என்று பார்த்தால் யோசிக்காதீர்கள். உடனே மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பிறகு மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

எந்தப் பெட்டி எதைத் தடுக்கும்?

இன்வெர்ட்டர்: கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் வெளிக் கரண்டை அப்படியே உள்ளே அனுப்புகிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். 'யு.பி.எஸ்.' பக்கம் வைத்தால் சுமார் 180 முதல் 260 வோல்ட் வரைதான் உள்ளே விடும். அதைத் தாண்டினால் பேட்டரிக்கு மாறிவிடும். 'நார்மல்' பக்கம் வைத்தால் சுமார் 100 முதல் 290 வோல்ட் வரை விட்டுவிடும். ஃபேனும் லைட்டும் அதைத் தாங்கும். ஆனால் பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.களின் உச்ச வரம்பு 264 வோல்ட்தான். அக்கா வீட்டு இன்வெர்ட்டர் 'நார்மலில்' இருந்தது. 285 வோல்ட் தடையில்லாமல் உள்ளே போனது. இன்றே உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஸ்பைக் பஸ்டர்: இதன் உள்ளே எம்.ஓ.வி. என்ற சின்ன வில்லை இருக்கிறது. ஸ்பைக் வந்தால் அதைத் தன் வழியே திருப்பி விடும். நொடியில் வந்து போகும் ஸ்பைக்குக்குத்தான் அது. நிமிடக் கணக்கில் நிற்கும் ஹை வோல்டேஜ் வந்தால் அதுவே சூடாகி எரிந்துவிடும். மலிவான பல 'ஸ்பைக்' பெட்டிகளில் இந்த வில்லையே இருக்காது. சுவிட்சும் ஃபியூஸும் மட்டும்தான். அட்டையில் 'ஜூல்' அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

யு.பி.எஸ்.: வீட்டுக்கு 'லைன் இன்டராக்டிவ்' வகை போதும். லோ வோல்டேஜை ஏற்றியும் ஹை வோல்டேஜைக் குறைத்தும் கொடுக்கும். எல்லை மீறினால் பேட்டரிக்கு மாறிவிடும். சில மில்லி செகண்டில் இது நடந்து முடியும். எஸ்.எம்.பி.எஸ். அவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கும், கம்ப்யூட்டர் அணையாது. ஒன்றைக் கவனியுங்கள். 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட்தான். கம்ப்யூட்டர், மானிட்டர், ரூட்டர் மூன்றையும் மட்டும் அதில் செருகுங்கள். லேசர் பிரிண்டரைச் செருகவே கூடாது. பேட்டரியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

வோல்டேஜ் ப்ரொடெக்டர்: மெயின் போர்டில் பொருத்தும் சின்னக் கருவி. வோல்டேஜ் வரம்பை மீறினால் வீட்டுக்கே கரண்டை நிறுத்தும். சரியானதும் சிறிது நேரம் பொறுத்துத் திரும்ப விடும். நியூட்ரல் அறுவதற்கு இதுதான் நேரான மருந்து. எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அதன் பேட்டரியே யு.பி.எஸ். மாதிரிதான். கரண்ட் போனால் கவலை இல்லை. ஆனால் ஹை வோல்டேஜ் அடாப்டரைக் காவு வாங்கும்.

மூன்றாவது பின்னை மறக்காதீர்கள்

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று இருக்கிறதா? "லேசா ஷாக் அடிக்கும், அது அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்பதற்கு அது அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கரண்ட் நுழையும் இடத்தில் இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய கரண்ட் எர்த்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டிலேயே நிற்கும். அந்தக் கசிவு பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே ஃபேஸ் ஒயர் ஒன்று உரசினால், அதே கேபினெட் உயிரை வாங்கும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடவே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள். எர்த் குழி உள்ள வீடாக இருந்தால் கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் கரண்டை வாங்கிக் கொள்ளாது.

செலவே இல்லாத பாதுகாப்பு

திண்டிவனத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் எப்படித் தப்பித்தது? அங்கே யு.பி.எஸ்.ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவின் பழக்கம்தான் காப்பாற்றியது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது எங்கள் டி.வி. போனது. அன்றிலிருந்து வானம் இருட்டினால் அப்பா வீடு முழுக்கச் சுற்றி வருவார். "சுவிட்ச ஆஃப் பண்ணா போதாதுடா, பிளக்கப் புடுங்கி வை" என்பார். கரண்ட் திரும்பி வந்தாலும் பத்து நிமிடம் கழித்து, லைட்டின் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் செருகுவார். நான் இதைப் பல முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

அப்பா சொன்னதுதான் சரி. சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பிடுங்கிய பிளக்கைத் தாண்டாது. மின்னல் நேரத்தில் டெலிபோன் ஒயர், கேபிள் டி.வி. ஒயர், ரூட்டரிலிருந்து வரும் லேன் ஒயர் ஆகியவற்றையும் கழற்றி விடுங்கள். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் பிளக் பாயிண்டில்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மின்னல் தொடங்கிய பிறகு ஒயரைத் தொடாதீர்கள், முன்பே செய்துவிடுங்கள்.

கடைசிப் பாதுகாப்பு

எல்லாம் வாங்கி வைத்தாலும் ஒரு நாள் ஏதாவது ஒன்று தவறும். கம்ப்யூட்டர் போனால் கடையில் வாங்கலாம். அதில் இருந்த கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முக்கியமான ஃபைல்களை வாரம் ஒரு முறை பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ காப்பி செய்யுங்கள். முடிந்ததும் அதைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்டர்நெட் இருந்தால் கூகுள் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

அக்கா ஜூன் மாதம் வரை நோட்டில் கணக்கு எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் நிறுத்திவிட்டார். மீதி ஐந்து மாதக் கணக்கை மீட்க, 16 பேரும் அவரவர் பாஸ் புத்தகத்தோடு அக்கா வீட்டுத் திண்ணைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்தது. ஒருவர் புத்தகம் வெள்ளத்தில் நனைந்து எழுத்தே அழிந்திருந்தது. அவர் சொன்ன தொகையை அப்படியே நம்பி எழுதினார்கள். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்து கொண்டிருந்த எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இப்போது அக்கா வீட்டில் யு.பி.எஸ்., மெயின் போர்டில் ப்ரொடெக்டர், அலமாரியில் ஒரு பென் டிரைவ் மூன்றும் இருக்கின்றன. மழை வந்தால் திண்டிவனத்திலிருந்து அப்பாவின் போனும் வருகிறது: "பிளக்கப் புடுங்கிட்டியாம்மா?"