ஐந்தே உணவுகள்

என் உறவினர் வீட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மதியிறுக்கம், அதாவது ஆட்டிசம், இருப்பது மூன்று வயதில் கண்டறியப்பட்டது. அவன் உண்ணும் உணவுகளை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். வெள்ளைச் சோறு, அப்பளம், ஒரே வகைப் பிஸ்கட், ஒரே கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு வறுவல், பால். அவ்வளவுதான். சோற்றில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டாலும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். பிஸ்கட் பொட்டலத்தின் நிறத்தை நிறுவனம் மாற்றியபோது, உள்ளே இருந்தது அதே பிஸ்கட் என்று தெரிந்தும் அவன் பல நாள் அதைத் தொடவில்லை.

இதே சிறுவன் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துத் தின்பான். அரிசி வாளியில் கைவிட்டு வேகாத அரிசியை அள்ளி மெல்லுவான். இரண்டாம் படிவத்தில் படிக்கும் அவனுடைய அக்காவின் பயிற்சிப் புத்தகங்களுக்கு ஓரங்களே இல்லை, கிழித்து மென்றுவிட்டான். “சோறு குழம்பு வேண்டாமாம், தாள்தான் வேணுமாம்!” என்று வீட்டுக்கு வருவோர் சிரிப்பார்கள். அவனுடைய அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது.

அவன் ஏன் இப்படி உண்கிறான்? நம்மில் பலர் பாகற்காயை ஒதுக்குகிறோம். அது வெறும் விருப்பு வெறுப்பு. மதியிறுக்கம் உள்ள பலருக்கோ ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவை நமக்குத் தோன்றுவதைவிடக் கூர்மையாகவோ மங்கலாகவோ தோன்றும். ஒரு தக்காளியை எண்ணிப் பாருங்கள். தோல் வழுக்கும், கடித்தால் சாறு பீறிடும், விதைகள் நாக்கில் புரளும். இன்று வாங்கிய தக்காளி புளிக்கும், நாளைக்கு வாங்குவது இனிக்கும். பிஸ்கட் அப்படியன்று. முதல் பிஸ்கட் எப்படி இருந்ததோ, நூறாவது பிஸ்கட்டும் அப்படியே இருக்கும். அந்தச் சிறுவன் தேடுவது சுவையை மட்டுமன்று, மாறாத ஒன்றையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது இக்காலத்துப் பிள்ளைகளின் செல்லப் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டா. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மதியிறுக்கத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய முக்கியமான கட்டுரை அது. அப்பிள்ளைகளுள் சிலர் குழந்தைப் பருவத்திலேயே உண்ண மறுத்ததை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார்.

“ரெண்டு வேளை பட்டினி போடும்மா, தன்னால சாப்பிடுவான்!” என்பது பாட்டியின் யோசனை. ஐந்து பிள்ளைகளை வளர்த்த அவருடைய அனுபவம் பொய்யன்று. பெரும்பாலான பிள்ளைகள் பசித்தால் உண்பார்கள். ஆனால், மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுள் சிலருக்குப் பசி என்னும் உணர்வே தெளிவாகத் தெரிவதில்லை. அவர்களைப் பட்டினி போட்டால் உடல் மெலியும். உணவின் மீதுள்ள அச்சம் கூடும். மேலும், மலச்சிக்கல், பல்வலி, நெஞ்செரிச்சல் போன்றவையும் உணவை மறுக்கச் செய்யும். பேச்சுத் திறன் குறைந்த பிள்ளை “எனக்கு வயிறு வலிக்கிறது” என்று சொல்வதில்லை, தட்டைத் தள்ளுகிறது.

ஐஸ், அரிசி, தாள் ஆகியவற்றின் மீதுள்ள விருப்பம் வேறு கதை. உணவல்லாத பொருள்களை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து உண்பதை மருத்துவர்கள் ‘பிக்கா’ என்பர். இலத்தீன் மொழியில் இது காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் பெயர். கண்டதையெல்லாம் தின்னும் பறவை என்று அதை அக்காலத்தவர் கருதினர். ஐஸ் கட்டியையும் வேகாத அரிசியையும் விடாமல் தின்னத் தூண்டும் ஆசைக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். மண் தின்னும் பிள்ளையைப் பார்த்து, “வயிற்றில் பூச்சி இருக்கிறது” என்று நம் பெரியவர்கள் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. கொக்கிப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்தால் இரும்புச்சத்தும் குறையும்.

அந்தச் சிறுவனுக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது தெரியவந்தது. அதற்குக் காரணம் அவன் விரும்பிக் குடித்த பால்! நாளொன்றுக்கு ஆறு குவளை குடித்து வந்தான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதைக் குடித்து வயிறு நிறைந்துவிட்டால் மற்ற உணவுக்கு இடமில்லை. மருத்துவர் பாலின் அளவைக் குறைக்கச் சொல்லி, இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார். சில வாரங்களில் அவன் ஐஸ் பெட்டியைத் தேடுவது வெகுவாகக் குறைந்தது. அரிசி வாளியையும் மறந்தான். ஆனால், தாள் மெல்லுவது நிற்கவில்லை. அதற்குக் காரணம் சத்துக் குறைவன்று, பற்களுக்கும் தாடைக்கும் அவன் தேடிய அழுத்தம். மெல்லுவதற்கென்றே செய்யப்பட்ட சிலிக்கான் பதக்கம் ஒன்றை இப்போது கழுத்தில் அணிந்திருக்கிறான். அக்காவின் புத்தகங்கள் தப்பித்தன, பெரும்பாலும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பரிசோதனையின்றிக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் அது சிறுவர்களுக்கு நஞ்சாகும். பழைய சுவர்ச் சாயத்தைச் சுரண்டித் தின்னும் பிள்ளைக்கு ஈயம் உடலில் சேர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். பொத்தான் போன்ற சிறு மின்கலத்தையோ காந்தத்தையோ விழுங்கியிருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

குறைவான உணவு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு பழைய நோயைச் சொல்லலாம். வைட்டமின் சி கிடைக்காததால் வரும் ஸ்கர்வி, ஒரு காலத்தில் நெடுந்தூரக் கடலோடிகளைக் கொன்ற நோய். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்கள் விரைவில் தேறினர். கப்பல்களோடு போய்விட்டது என்று நாம் நினைக்கும் அந்த நோய், பழமும் காய்கறியும் தொடாத மதியிறுக்கப் பிள்ளைகள் சிலரிடம் இக்காலத்திலும் காணப்பட்டிருக்கிறது. ஈறு வீங்கும், கால் வலித்து நடக்க மறுப்பார்கள். எலும்பிலோ மூட்டிலோதான் கோளாறு என்று முதலில் எண்ணிவிடுவதும் உண்டு. ஆகவே, “குண்டாகத்தானே இருக்கிறான், என்ன குறை?” என்று கேட்பது சரியன்று. எடை சரியாக இருந்தும் சத்து இல்லாமல் போகலாம்.

அவனுடைய அம்மா ஒருமுறை அவசரப்பட்டார். பரங்கிக்காயை நன்றாக மசித்துச் சோற்றுக்குள் மறைத்துக் கொடுத்தார். முதல் வாயிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. துப்பினான், அழுதான். அதன்பின் பதினொரு நாள் சோற்றையே தொடவில்லை. ஐந்து உணவு நான்காகிவிட்டது. அந்த நாள்களில் அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. நம்பி உண்ணும் உணவில் எதையேனும் மறைத்தால், அந்த உணவையே இழக்க நேரிடும். உணவியல் வல்லுநர்கள் இதைத்தான் முதலில் எச்சரிக்கிறார்கள். மருந்து கொடுப்பதானாலும் மருந்து என்று காட்டியே கொடுக்க வேண்டும். அவனுக்கு இரும்புச்சத்து மருந்தை நாள்தோறும் ஒரே நேரத்தில், படம் வரைந்த அட்டையைக் காட்டிய பிறகு, ஊசியில்லாத ஊசிக்குழலால் கொடுத்தார்கள். பழக இரண்டு வாரம் ஆனது.

பிறகு அவர்கள் பிடித்த வழி மெதுவானது. பிள்ளை ஏற்கெனவே உண்ணும் உணவிலிருந்து, அதைப் போன்றே இருக்கும் அடுத்த உணவுக்குச் சங்கிலிபோல் செல்வது. கடை வறுவலுக்கு அடுத்து, அதே நீளத்தில் வீட்டில் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. அது பழகியபின் அதே வடிவத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இந்த இரண்டு படிகளைக் கடக்க எட்டு மாதம் ஆனது. எட்டு மாதத்தில் ஒரு கிழங்கா என்று நானும் முதலில் நினைத்தேன். அவனுடைய வாழ்நாளில் அவனாகவே ஏற்றுக்கொண்ட முதல் புதிய உணவு அது என்று அறிந்தபின் அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

அப்பளத்திலிருந்து மீன் கெரோப்போக்குக்குச் செல்லும் முயற்சி தோற்றது. மீன் வாடை பட்டதும் மேசையைவிட்டு ஓடிவிட்டான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பின்னோக்கிச் சென்று வேறு வழி தேட வேண்டியதுதான். புதிய உணவைத் தனித் தட்டில், ஒரு நகத்தளவு மட்டும் வைப்பார்கள். “ஒரே ஒரு வாய்!” என்று யாரும் கெஞ்சுவதில்லை. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்வர்; உண்பதா, எவ்வளவு உண்பது என்பதை அவனே முடிவு செய்வான். பார்ப்பதும் தொடுவதும் முகர்வதும்கூட உண்பதற்கு முந்திய படிகளே. அக்கா இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறாள்.

கோதுமையையும் பாலையும் முற்றாக நிறுத்தினால் மதியிறுக்கம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவனுடைய அப்பா அதையும் செய்து பார்க்க நினைத்தார். அதற்குப் போதிய சான்று இல்லை என்று மருத்துவர் விளக்கினார். கோதுமைப் புரதமோ பாலோ உண்மையிலேயே ஒவ்வாதவர்களுக்கு அத்தகைய கட்டுப்பாடு தேவை. ஐந்தே உணவு உண்பவனிடமிருந்து பிஸ்கட்டையும் பாலையும் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? கால்சியத்துக்கு எங்கே போவது? அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தபோது, அக்கா அடுக்குச் சட்டியில் அவனுக்கான சோற்றையும் அப்பளத்தையும் எடுத்து வந்தாள். “இங்க இவ்வளவு பலகாரம் இருக்கே, எதுக்கும்மா சோறு?” என்று என் பெரியம்மா கேட்க வாயெடுத்தார். அதற்குள் பாட்டி, “அவன் சாப்பாடு அவனுக்கு, நீ உட்காரு,” என்று சொல்லிவிட்டார். பட்டினி போடச் சொன்ன அதே பாட்டிதான்.

சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில், அவன் என் தட்டிலிருந்த பொரித்த நெத்திலி ஒன்றை எடுத்தான். புரட்டிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். மீண்டும் என் தட்டிலேயே வைத்துவிட்டான். அக்கா பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினாள்: “நெத்திலி. முகர்ந்தான். ஓடவில்லை. 17ஆவது முறை.”