கத்திரி வெயிலில் பூச்செடி வாடுதா? வாளியைத் தூக்கும் முன் இதைப் படிங்க!

மே மாத மதியம். மொட்டை மாடிக் கதவைத் திறந்ததுமே முகத்தில் அனல் அடிக்கிறது. தொட்டியில் இருக்கும் செம்பருத்தியின் இலைகள் எல்லாம் ஈரத் துணி போலத் தொங்குகின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் மதியமும் அதேபோலத் தொங்கியது. மறுபடி ஒரு வாளி. அம்மா உறவினர் வீட்டு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்த பத்து நாளும் இதுதான் நடந்தது. "செடிக்குத் தண்ணி ஊத்துறியாடி?" என்று போனில் கேட்டபோதெல்லாம், "தினமும் ஒரு வாளிம்மா!" என்று பெருமையாகவே சொன்னேன்.

அது கடையில் வாங்கிய செடி இல்லை. திண்டுக்கல் பக்கம் எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நின்ற அடுக்குச் செம்பருத்தியின் குச்சி. அந்த வீட்டை விற்ற அன்று, சாவியைக் கொடுத்துவிட்டு அம்மா ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்தது அந்த ஒரு குச்சியைத்தான்.

அம்மா திரும்பி வந்தபோது பாதி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் மண் சேறாக இருந்தது. வேர்கள் பழுப்பாகி, தொட்டாலே தோல் உரிந்து வந்தது. அழுகல் வாடை வேறு. அம்மா திட்டவில்லை. "வெயிலுக்குக் கண்ணை மூடிக்கிட்டு நின்ன செடியை, தாகம்னு நெனச்சு மூழ்கடிச்சிட்டியேடி" என்று மட்டும் சொன்னார்.

கோடையில் பூச்செடிகள் வெயிலால் மட்டும் சாவதில்லை. நாம் பதறிப்போய்ச் செய்யும் உதவியாலும் சாகின்றன. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரம் தாண்டும்வரை, பூவைவிட வேரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது எப்படி என்று பார்க்கலாம்.

வாடினால் தாகம்தானா?

இலைகளில், குறிப்பாக அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியாகச் செடியிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் அது போகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது இலை தொங்கிவிடும். தொங்குவதால் இலை மீது நேராக விழும் வெயிலும் குறையும். மண்ணில் ஈரம் இருந்தால், வெயில் தாழ்ந்ததும் இலை தானாக நிமிர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிய செடியும் இதேபோலத்தான் வாடும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் தேவை. மண் எப்போதும் சேறாக இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நாமோ வாடிய இலையைப் பார்த்து மேலும் ஊற்றுவோம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டே சோதனைகள் போதும்.

முதலாவது, விரல் சோதனை. ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம். மேல் மண் காய்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, காலைச் சோதனை. காலை ஆறு மணிக்குச் செடி நிமிர்ந்து நின்றால் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். காலையிலும் வாடியிருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் அது உண்மையான தாகம். காலையில் வாடியிருக்கிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது என்றால் வேரில்தான் கோளாறு. உடனே தண்ணீரை நிறுத்தி, தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்: எப்போது, எப்படி?

காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஊற்றுவதுதான் நல்லது. வெயில் ஏறும் முன் வேர் வயிறு நிறையக் குடித்துவிடும். காலையில் முடியாதவர்கள் மாலையில், தரை சூடு தணிந்தபிறகு ஊற்றலாம். ஆனால் இலைகள் இரவெல்லாம் நனைந்திருந்தால் பூஞ்சை வரும். மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு, பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

தினமும் கொஞ்சம் தெளித்தால் மேல் மண் மட்டுமே நனையும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே நிற்கும். தொட்டியில் அதிகம் சூடேறுவதும் அந்த மேல் மண்தான். அதனால் ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அடுத்த முறை விரல் சோதனை சொன்னபிறகே ஊற்றுங்கள். கத்திரி நாட்களில் சின்னத் தொட்டிகளுக்குத் தினமும் தேவைப்படலாம். தரையில் நன்கு வேர்விட்ட செடிகள் சில நாட்கள் தாங்கும்.

தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விடும். ஊற்றும் தண்ணீர் அந்த ஓரமாகவே ஓடி வடிந்துவிடும். நடுவில் வேர் காய்ந்தே இருக்கும். அப்படியானால் தொட்டியை ஒரு டப்பில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, எடுத்து வடியவிடுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேருக்கும் கெடுதல், கொசுவும் வளரும்.

வேருக்கு ஒரு போர்வை

தரையில் நிற்கும் செடிக்கு பூமியே குளிர்ச்சி. தொட்டிச் செடிக்கு அது கிடையாது. நான்கு பக்கமும் வெயில், அடியில் கொதிக்கும் கான்கிரீட். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் சூடு இன்னும் அதிகம். மண் தொட்டியில் பானைபோல ஈரம் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சி இருக்கும். ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

செலவில்லாத வழிகள் இவை:

• தொட்டியை நேரடியாகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

• தொட்டிகளை நெருக்கி வையுங்கள். பெரிய தொட்டிகள் மேற்குப் பக்கம், சின்னவை அவற்றின் நிழலில்.

• பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி பழைய கோணிச் சாக்கைக் கட்டுங்கள்.

• மண் மேல் இரண்டு அங்குலம் மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, தேங்காய் நார், கரும்புச் சக்கை எதுவானாலும் சரி. தண்டைத் தொடாமல் ஓர் அங்குலம் விட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

• மதியம் 12 முதல் 4 வரை 50 சதவீத நிழல்வலை போதும். பாவம் பார்த்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். காலை வெயில் கிடைக்காவிட்டால் மொட்டு வைக்காது.

எந்தத் தண்ணீர் நல்லது?

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் வீட்டில் பூச்செடிக்கு ஊற்றவே மனசு வராது. அதனால்தான் ஒருமுறை பயன்படுத்திய தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை உப்பு சேராதவரை தாராளமாக ஊற்றலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட இருக்காது; செடிக்கு நல்லது.

ஆர்.ஓ. கழிவு நீர் அப்படி இல்லை. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அது. போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கும் பகுதிகளில் அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றவே கூடாது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? இலை ஓரம் கருகுகிறதா? மண்ணில் உப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வழிந்தோடும்படி இரண்டு மூன்று தடவை ஊற்றினால் உப்பு கழுவப்பட்டுவிடும். ஏ.சி. தண்ணீர் இதற்கு ரொம்பவே பொருத்தம்.

இட்லிப்பூ செடியின் புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்புத்தன்மை உள்ள தண்ணீரில் இது அடிக்கடி வரும். அதற்கும் தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை. மண்புழு உரமும், உரக்கடையில் கிடைக்கும் இரும்புச் சத்துக் கலவையும் உதவும்.

ஒவ்வொரு செடியும் ஒரு ரகம்

மல்லி: கோடைதான் இதற்குச் சீசன். புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் வெயில் காலத்தில்தான் பூத்துக் குலுங்கும். முழு வெயில் வேண்டும். நிழல்வலைக்குள் வைத்துவிட்டு பூ இல்லையே என்று கேட்காதீர்கள். மொட்டு விடும் நாட்களில் மண் முழுதாகக் காய விடாதீர்கள்.

அரளி: நெடுஞ்சாலை நடுவே கொளுத்தும் வெயிலில் இது பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதன் இலைத்துளைகள் அடிப்புறத்தில் சின்னக் குழிகளுக்குள், மெல்லிய ரோமங்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் நீர் இழப்பு குறைவு. ஆனால் செடி முழுவதும் விஷம். குழந்தைகள், செல்லப் பிராணிகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

காகிதப்பூ: கொஞ்சம் காயவிட்டால்தான் நன்றாகப் பூக்கும். தண்ணீர் கூடினால் இலையாகவே தழைக்கும். நாம் பூ என்று நினைக்கும் வண்ண இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.

ரோஜா: வெயிலில் பூ சிறுத்து, சீக்கிரம் உதிரும். இது செடியின் குற்றம் இல்லை. காலை வெயில், மதிய நிழல் கிடைக்கும் கிழக்குப் பக்கம் இதற்கு ஏற்றது.

செம்பருத்தி, இட்லிப்பூ: வெயில் பிடிக்கும், வேர் காய்வது பிடிக்காது. காய்ந்தால் செம்பருத்தி முதலில் மொட்டைத்தான் உதிர்க்கும். மூடாக்கு இவற்றுக்குக் கட்டாயம்.

கத்தரியும் உரமும் ஓய்வெடுக்கட்டும்

பூக்கவில்லை என்று கோடையில் ஒட்ட வெட்டாதீர்கள். வெட்டினால் மென்மையான குருத்து வரும். அது வெயிலில் கருகும். மல்லியை நவம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும்தான் நம் ஊரில் கவாத்து செய்வார்கள். இப்போது காய்ந்த குச்சியையும் வாடிய பூவையும் மட்டும் எடுத்தால் போதும்.

வாடிய செடிக்கு உரம் போட்டுத் தேற்றவும் முயல வேண்டாம். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் விழுந்தால், அதன் உப்பு வேரிலிருந்தே தண்ணீரை இழுக்கும். மல்லி போலப் பூக்கும் செடிக்கு மட்டும், முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். செடியைத் தொட்டி மாற்றும் வேலையையும் ஆடிக்குத் தள்ளிப் போடுங்கள்.

வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கிறதா?

வெயில் ஏறினால் மாவுப்பூச்சியும் ஏறும். செம்பருத்திக் குருத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிவது அதுதான். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அதிகம் பாதித்த நுனியை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் படும்படி மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பூச்சிக்கொல்லியை எடுக்கும் முன் ஒரு சம்பவம். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மருந்தடித்தும் அடங்காத அதை, 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டிக் குளவிதான் அடக்கியது. உங்கள் மாடியிலும் இப்படி நல்ல பூச்சிகள் இருக்கலாம். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் புழு, பார்க்க மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக இருக்கும். ஆனால் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடும். அதை நசுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு வாய்ப்பு

எங்கள் செம்பருத்திக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அம்மா ஒவ்வொரு கிளையாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எல்லாம் பழுப்பு. ஒரே ஒரு கிளையில் மட்டும் தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தது. பென்சில் தடிமனில் அதை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தார். ஆடியில் முதல் இலை வந்தது.

இந்த வருடமும் மே வந்துவிட்டது. அம்மா மறுபடி ஊருக்குப் போயிருக்கிறார். நேற்று மதியம் மாடிக்குப் போனபோது இலைகள் அதேபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. கை தானாக வாளிக்குத்தான் போனது. நிறுத்திக்கொண்டு, மூடாக்கை விலக்கி மண்ணில் விரலை விட்டேன். ஈரம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஆறரைக்குப் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இன்னிக்குத் தண்ணி ஊத்துனியாடி?" என்று பதில் வந்தது.

"இல்லம்மா" என்று அனுப்பினேன்.