அப்பாவின் துண்டும் என் புதுக் காரும்

காரை எடுத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் இரவு வேலை முடிந்து ஷா ஆலாமிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் ஊற்ற நின்றேன். கூரை விளக்கு நேராகப் போனட்டின் மேல் விழுந்தது. பார்த்ததும் திக்கென்றது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள். கதவுகளிலும் அப்படித்தான், கூரையிலும் அப்படித்தான்.

உள்நாட்டுத் தயாரிப்பு, கறுப்பு நிறம், ஒன்பது ஆண்டுக் கடன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த முதல் கார். அதற்கு முன் வந்ததெல்லாம் யாரோ ஓட்டிப் பார்த்துக் கைமாற்றியவை. அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சனிக்கிழமை, காருக்கு மெருகேற்றும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி கைப்பேசி விளக்கைப் போனட்டின் மேல் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அக்கா, இத யாரும் கீறல. நல்லா தொடச்சிருக்காங்க. தெனமும் தொடைக்கிறாங்களா?”

தினமும்தான். காலை ஆறு மணிக்கு, நான் குளித்து முடிப்பதற்குள், அப்பா தோளில் கிடக்கும் வெள்ளைப் பருத்தித் துண்டை எடுத்துக் காரை முழுக்கத் துடைத்துவிடுவார். தண்ணீர் கிடையாது. முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். ‘பிள்ளை வேலைக்குப் போற கார் பளிச்சுனு இருக்கணும்’ என்பது அவர் கணக்கு.

அந்தத் தம்பி ஒரு சிறிய கருவியைச் சாயத்தின் மேல் வைத்தார். 110 என்று காட்டியது. மைக்ரான் கணக்கு, 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அடிப்பூச்சு, நிறம், அதற்கு மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமில்லாத பூச்சு என்று எல்லாம் சேர்ந்தே அவ்வளவுதான். வெயிலையும் மழையையும் தாங்குவது அந்தக் கடைசிப் பூச்சு. பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடி அதைவிடத் தடிப்பு.

இரவில் காரின் மேல் படிவது வெறும் தூசு என்று நாம் நினைக்கிறோம். அதில் நுண்ணிய மணலும் உண்டு. உலர்ந்த துண்டால் தேய்க்கும்போது அது உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. கோழியிறகுத் துடைப்பானும் அதே ரகம்தான். கீறல்கள் வட்டமாகத் தெரிவதால் அப்பா சுற்றிச் சுற்றித் தேய்த்தார் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாத் திசையிலும் ஓடும் கோடுகளில், விளக்குக்கு ஏற்ற கோணத்தில் இருப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால்தான் வலைபோலத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் இருக்கும், கண்ணுக்குப் படாது.

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் இளவயதில் வைத்திருந்தது டட்சன் 120ஒய். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வெயிலில் வெளிறினால் பாலிஷ் போட்டுத் தேய்ப்பார்கள். துணியில் கார் நிறம் ஒட்டும், கீழே புது நிறம் எட்டிப் பார்க்கும். தேய்த்தால் பளபளக்கும் என்பது அவருடைய அனுபவம். இன்றைய காரில் தேய்ப்பது அந்த மெல்லிய மேல்பூச்சை.

கடையில் 1,800 வெள்ளிக்குச் செராமிக் பூச்சு போடச் சொன்னார்கள். நான் நிறையக் கேள்வி கேட்டேன். அது கண்ணாடிக்குரிய சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட பூச்சு, ஓரிரு மைக்ரான் கனம். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு இறுகப் பிடிக்காது, கழுவுவது சுலபம். ஆனால் நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லையோ அப்பாவின் துண்டையோ அது தடுக்காது. ‘9எச்’ கடினம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்களே, அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கடினம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். கல் தெறிப்பைத் தாங்க வேண்டுமானால் ஒளிபுகும் தடித்த படலம் ஒட்ட வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

வீட்டில் கூரை இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்குச் செராமிக் பயன்படலாம். எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. ஒருமுறை லேசாக மெருகேற்றி, சில மாதம் நிற்கும் சீலண்ட் பூசச் சொன்னேன், 350 வெள்ளி. மெருகேற்றுவது என்பதும் மேல்பூச்சைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், ஆண்டுதோறும் செய்ய முடியாது. இன்னொன்று: புதுக் காருக்கு ஆறு மாதம் மெழுகு போடக் கூடாது என்று பலர் சொல்வார்கள். தொழிற்சாலைச் சாயம் சூளையில் சுடப்பட்டே வருகிறது, முதல் நாளே போடலாம். விபத்துக்குப் பிறகு பட்டறையில் புதிதாகச் சாயம் அடித்த பாகத்துக்குத்தான் அந்தக் காத்திருப்பு.

புதிதாகக் கார் எடுக்கப்போகிறவர்களுக்கு அந்தத் தம்பி சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஒப்படைக்கும் முன் காரைக் கழுவ வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட வேண்டும். திறந்தவெளியில் வாரக்கணக்கில் நின்ற காரை, அவசரத்தில் எந்தத் துணியால் துடைக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது கோயில். நாம் புதுக் காரைப் பூசை போடாமல் ஓட்டுவதில்லை. நான்கு எலுமிச்சம்பழம் நசுங்குவதால் சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. போனட்டில் அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு கையால் உரசி எடுக்கிறோமே, அங்கேதான் முதல் கீறல் விழுகிறது. ஐயரிடம் சொன்னால் முன்கண்ணாடியிலேயே பொட்டு வைத்துவிடுவார். போனட்டில் வைத்தாலும் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவினால் போதும்.

பறவை எச்சத்துக்கு மட்டும் நாள் பார்க்கக் கூடாது. அதில் அமிலம் உண்டு. நம் ஊர் வெயிலில் ஒரு பகலுக்குள் மேல்பூச்சில் தழும்பு விழுந்துவிடும். காரில் ஒரு போத்தல் தண்ணீரும் மென்மையான துணியும் வைத்திருக்கிறேன். ஈரத்துணியை எச்சத்தின் மேல் இரண்டு நிமிடம் போட்டு, ஊறியதும் தேய்க்காமல் தூக்கி எடுக்கிறேன். மைனாக்கள் கூடும் மரத்தடி நிழலை விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் காரின் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் காலை தூசு படிந்த காரில் ஏறும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. பேசாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாளி, கார் ஷாம்பு, கம்பளிபோன்ற கழுவும் கையுறை, மைக்ரோஃபைபர் துணி நான்கு வாங்கிவந்தேன். “அப்பா, எனக்குத் தனியா செய்யத் தெரியல, வாங்க” என்றேன். வெயில் ஏறுவதற்குள் தொடங்கினோம். முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி மணலை இறக்கினோம். பிறகு ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் சுத்தத் தண்ணீர். மேலிருந்து கீழே, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையைச் சுத்தத் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது பூசிய சீலண்டை அரித்துவிடும். கடைசியில் துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தோம்.

முடிந்ததும் அப்பா அலசிய வாளியைச் சாய்த்தார். அடியில் ஒரு கைப்பிடி அளவு கறுத்த மணல். விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இவ்வளவு மண்ணையாம்மா நான் தெனமும் தேச்சுக்கிட்டு இருந்தேன்?”

இப்போது ஞாயிறுதோறும் அவர்தான் தலைமை. நான் வாளியை மாற்றி வைத்தால் திட்டு விழுகிறது. மைக்ரோஃபைபர் துணிகளை மற்றத் துணிகளோடு துவைக்கக் கூடாது, மென்மையூட்டும் திரவம் ஊற்றக் கூடாது என்று அம்மாவுக்கும் உத்தரவு. வெள்ளைத் துண்டு சக்கரங்களுக்குப் போய்விட்டது.

ஆனாலும் காலை ஆறு மணிக்கு வாசலில் சத்தம் கேட்கிறது. ஈரத்துணியோடு நின்று முன்கண்ணாடியை மட்டும் துடைக்கிறார். கண்ணாடி கடினமானது, தாங்கும். நானும் ஒன்றும் சொல்வதில்லை.