புனித இராயப்பர் ஆலயம், இராயபுரம்

புனித இராயப்பர் ஆலயம் என்பது வடசென்னையின் இராயபுரத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிகள் எழுப்பிய கத்தோலிக்கத் தேவாலயம் ஆகும். இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். ஊர்ப்பெயரும் அதிலிருந்தே வந்ததாகக் கருதப்படுகிறது.

துறைமுகம் அமையும் முன், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும் படகோட்டிகளே அலைகளைக் கடந்து கரைசேர்த்தனர். அவர்களது மசூலாப் படகுகளின் பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. எனவே அலை மோதும்போது பிளக்காமல் வளைந்து கொடுத்தன.

லூக்கா நற்செய்தியில் (5:1-11) பேதுரு இரவெல்லாம் உழைத்தும் மீன் அகப்படாத மீனவராக வருகிறார். இயேசு மக்களுக்குப் போதிப்பதும் அவரது படகில் அமர்ந்தே. தொழிற்கருவியே போதனை மேடையாகும் இக்காட்சி, கடலை நம்பி வாழ்ந்தோருக்கு அயலானதன்று. அவரைப் பாதுகாவலராகக் கொண்டதும் இயல்பே.

1875இல் தொடங்கிய துறைமுகப் பணி 1881ஆம் ஆண்டுப் புயலில் பெரிதும் சிதைந்து, பின்னர் மீண்டும் நடைபெற்றது. கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே வரத் தொடங்கியபின் மசூலாத் தொழில் மறைந்தது. அருகிலுள்ள காசிமேட்டில் மீன்பிடித்தல் தொடர்கிறது.